ஹெட்லாக் வீச்சு எங்கே தவறுகிறது: அறிகுறியைக் கொண்டு பிழையைக் கண்டறியும் வழிமுறை

மல்யுத்தத்தில் எதிராளியின் கழுத்தையும் ஒரு கையையும் சேர்த்துப் பிடித்து, அவரை இடுப்புக்கு மேலாக உருட்டி வீழ்த்துவதே ஹெட்லாக் வீச்சு. இந்த வீச்சில் பிழை வெளிப்படும் கணம் வேறு, பிழை நிகழ்ந்த கணம் வேறு. கீழே விழுந்த பிறகு எதிராளி நழுவி உங்கள் முதுகில் ஏறிக்கொள்கிறார் என்றால், தரையில் எதைச் சரியாகச் செய்யவில்லை என்று தேடுவதால் பயன் குறைவு. பெரும்பாலும் நின்றுகொண்டிருந்தபோதே அவருடைய கை உங்கள் பிடியிலிருந்து தளர்ந்திருக்கும். தூக்க முடியவில்லை என்று கால் வலுவுக்கான பயிற்சிகளைத் தேடிப் போகிறவர்களில் பலருக்கு உண்மையான குறை காலில் இல்லை, இருவர் மார்புக்கும் நடுவே விட்டுவைத்த இடைவெளியில் இருக்கிறது. ஆகவே கீழே ஒவ்வோர் அறிகுறியையும் எடுத்துக்கொண்டு, அதிலிருந்து பின்னோக்கிச் சென்று காரணத்தைத் தேடியிருக்கிறேன். கழுத்தைச் சுற்றும் கை எல்லோர் கண்ணிலும் படுகிறது. ஆனால் வீச்சைத் தாங்கி நிற்பது மற்றக் கைதான். இந்தக் கட்டுரை முழுவதிலும் நாம் திரும்பத் திரும்ப அந்தக் கைக்கே வந்து சேர்வோம்.

ஒப்பிட்டுப் பார்ப்பதற்குச் சரியான வடிவம் ஒன்று மனத்தில் இருக்க வேண்டும். வலக்கைப் பழக்கமுள்ளவரை வைத்தே எல்லாவற்றையும் சொல்கிறேன். இடக்கைப் பழக்கமுள்ளவர்கள் பக்கங்களை மாற்றிப் படித்துக்கொள்ளலாம். இருவரும் எதிரெதிரே நிற்கிறீர்கள். உங்கள் இடக்கை எதிராளியின் வலது மேற்கையை முழங்கைக்குச் சற்று மேலே பற்றியிருக்கிறது, அல்லது மேலிருந்து சுற்றி ஓவர்ஹூக்காக உங்கள் அக்குளோடு சேர்த்து இறுக்கியிருக்கிறது. அந்தக் கையை இழுத்து அவரை முன்னோக்கிச் சாய்க்கும்போதே, உங்கள் வலக்கை அவருடைய இடது தோளுக்கு மேலாகச் சென்று பிடரியைச் சுற்றுகிறது. வலது பாதம் அவருடைய வலது பாதத்துக்கு முன்னால் குறுக்கே இறங்குகிறது; அதன்மேல் உடல் இடப்புறமாகத் திரும்ப, இடது பாதம் பின்பக்கமாக வட்டமிட்டுச் சென்று அவருடைய இடது பாதத்துக்கு முன்னால் ஊன்றுகிறது. இப்போது இருவரும் ஒரே திசையைப் பார்க்கிறீர்கள். உங்கள் இடுப்பு அவருடைய இடுப்பைவிடத் தாழ்ந்தும், அவருடைய வலது இடுப்பைத் தாண்டிச் சற்று வெளியே நீட்டியும் இருக்கிறது. முழங்கால்களை நிமிர்த்தி, இடக்கையால் இழுத்து, தலையை இடத்தோள் பக்கம் திருப்பும்போது அவர் உங்கள் இடுப்புக்கு மேலாக உருண்டு மல்லாந்து விழுகிறார். நீங்கள் அவருடைய வலப்பக்க விலாவின்மேல் உங்கள் பாரத்தைப் பதித்து, வலது இடுப்பு தரையில் படும்படி, கால்களை அகல விரித்து அமர்கிறீர்கள். ஜூடோவில் இந்த வீச்சுக்கு மிக நெருங்கியது கோஷி குருமா. முடிவில் வந்து சேரும் அடக்குநிலை கெசா கடாமே.

இவ்வளவு கவனம் எதற்கு என்பதைப் புள்ளிக்கணக்கே சொல்லிவிடும். உலக மல்யுத்த அமைப்பான யுனைடெட் வேர்ல்ட் ரெஸ்லிங்கின் விதிகளில், நின்றவரைக் கீழே கொண்டுவந்து கட்டுப்படுத்தும் சாதாரண டேக்டவுனுக்கு 2 புள்ளிகள். நின்ற நிலையிலிருந்து எதிராளியின் முதுகு நேரடியாக மேட்டை (மல்யுத்த விரிப்பை) நோக்கும்படி வீசினால் 4 புள்ளிகள். உயரமாகத் தூக்கிச் சுழற்றும் பெருவீச்சுக்கு 5 புள்ளிகள். கால்களையும் பயன்படுத்தும் ஃப்ரீஸ்டைல் வகையில் 10 புள்ளி முன்னிலையும், கால்களைப் பயன்படுத்தாத கிரேக்கோ ரோமன் வகையில் 8 புள்ளி முன்னிலையும் ஆட்டத்தையே முடித்துவிடுகின்றன. இரு தோள்களும் மேட்டில் அழுந்தினால் புள்ளியைப் பார்க்க வேண்டியதே இல்லை. ஆனால் வீச்சு பாதியில் நின்றால் முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பவர் நீங்கள்தான்.

எதிராளியின் தலை வழுக்கி வெளியே வந்துவிடுகிறது

மிகுதியாகக் கேட்கப்படும் குறை இது. வியர்வையைக் காரணம் சொல்வார்கள். வியர்வை இருவருக்கும் பொதுவானது. நன்றாக வீசுகிறவர்களின் எதிராளிகளுக்கும் வியர்க்கத்தான் செய்கிறது.

முதலில் வலக்கை எங்கே படுகிறது என்று பாருங்கள். பயிற்சித் துணைவரை அசையாமல் நிற்கச் சொல்லிப் பிடியைப் போட்டு அப்படியே நிறுத்துங்கள். உங்கள் முன்கை அவருடைய காதின்மேலோ பின்மண்டையின்மேலோ இருந்தால் தலை நழுவத்தான் செய்யும், ஏனென்றால் மண்டை மேலே போகப் போகக் குறுகுகிறது. முழங்கையின் உள்மடிப்பு பிடரியில், தலையும் கழுத்தும் சேரும் பள்ளத்துக்குக் கீழே படிந்திருக்க வேண்டும். அவ்வளவு ஆழமாகப் போக வேண்டுமானால் கையை மட்டும் நீட்டினால் போதாது, உங்கள் வலது தோளும் அவருடைய தாடைக்கருகே சென்றாக வேண்டும். கை நீளம் போதவில்லை என்று நினைப்பவர்கள் பெரும்பாலும் தோளைப் பின்னால் விட்டுவிட்டுக் கையை மட்டும் அனுப்பியவர்களே.

வலக்கை சரியாக இருந்தும் தலை வெளியே வருகிறது என்றால், இடக்கையைப் பாருங்கள். தலையை உருவ வேண்டுமானால் எதிராளி நிமிர வேண்டும், அல்லது தன் வலது தோளைப் பின்னுக்கு இழுக்க வேண்டும். அவருடைய வலக்கை உங்கள் மார்போடு ஒட்டிக் கட்டுண்டிருந்தால் இந்த இரண்டுமே அவருக்குக் கடினம். கை விடுபட்டிருந்தால் அவர் உங்கள் இடுப்பிலோ முதுகிலோ கையை ஊன்றித் தள்ளி, அந்த இடைவெளியில் தலையை உருவிக்கொள்வார். இடக்கை பற்றும் இடமும் முக்கியம். மணிக்கட்டையோ முன்கையையோ பிடித்தால் அவர் முழங்கையை மடக்கி உருவிவிடுவார். மேற்கையின் பின்புறமுள்ள ட்ரைசெப்ஸ் தசை முழங்கையை நெருங்கிக் குறுகும் இடத்தில், கட்டைவிரலையும் மற்ற நான்கு விரல்களின் பக்கமே சேர்த்து வைத்து, உள்ளங்கையைக் கொக்கிபோல் வளைத்துப் பிடியுங்கள். கை கீழ்நோக்கி வழுக்கினாலும் முழங்கை எலும்பின் புடைப்பில் போய்த் தடுத்து நிற்கும். அதன்பின் உங்கள் இடது முழங்கையை விலாவோடு ஒட்டி, அவருடைய முன்கை உங்கள் இடது அக்குளுக்கும் விலாவுக்கும் நடுவே சிக்கும்படி இழுங்கள்.

இதைச் சோதிக்க எளிய வழி ஒன்று உண்டு. கழுத்தைச் சுற்றாமல், அந்த இடக்கைப் பிடியை மட்டும் வைத்துக்கொண்டு துணைவரை மேட்டில் இரண்டு மூன்று அடி நடத்திப் பாருங்கள். அவர் உங்கள் இழுப்புக்கு ஏற்பக் கால் மாற்றி வைத்தால் பிடி சரி. அவர் நின்ற இடத்தில் நிற்க உங்கள் கைதான் நீள்கிறது என்றால், கழுத்துக்குப் போக இன்னும் நேரம் வரவில்லை.

திரும்பியாகிவிட்டது, ஆனால் எதிராளி இடுப்பின்மேல் ஏறவில்லை

இருவரும் ஒரே திசையைப் பார்த்துக்கொண்டு, நீங்கள் முன்னால் குனிந்து இழுக்க, அவர் பின்னால் அசையாமல் நிற்கும் காட்சி எல்லாப் பயிற்சிக்கூடங்களிலும் காணக்கூடியது. இதற்குக் காரணங்கள் மூன்று. அவற்றை இந்த வரிசையில் சோதிப்பது நல்லது.

முதல் காரணம் இடைவெளி. திரும்புவதற்கு முந்தைய கணத்தில் உங்கள் மார்பின் வலப்பாதி அவருடைய மார்பைத் தொட்டிருக்க வேண்டும். தொடாமல் திரும்பினால், திரும்பி முடிக்கும்போது உங்கள் முதுகுக்கும் அவருடைய வயிற்றுக்கும் நடுவே ஒரு சாண் இடம் மிஞ்சும். அந்த இடத்தில் உங்கள் இடுப்பு அவரைத் தூக்க முடியாது, இழுக்க மட்டுமே முடியும். இடைவெளியைக் குறைக்க நீங்கள் அவரிடம் பாய்வதைவிட அவரை உங்களிடம் வரவைப்பதே மேல். அவர் உங்கள் பிடரியில் கை வைத்துத் தள்ளுகிறார் என்றால் அந்தத் தள்ளலை எதிர்க்காமல் அரை அடி பின்வாங்குங்கள். அவருடைய வலக்கால் முன்னால் வந்து ஊன்றும் அந்த நொடிதான் நுழைவதற்குரிய நொடி. அவர் வலக்கையை உங்கள் அக்குளுக்குக் கீழே நுழைத்து (அண்டர்ஹூக்) மேலே தூக்க முயலும்போதும் இதே வாய்ப்புக் கிடைக்கிறது, ஏனென்றால் அப்போது மார்பைக் கொண்டுவந்து ஒட்டுவது அவரேதான். நீங்கள் மேலிருந்து அந்தக் கையை ஓவர்ஹூக்கால் பூட்டிவிட்டால் போதும்.

இரண்டாவது காரணம் உயரம். உங்கள் பின்புறம் அவருடைய இடுப்பெலும்புக்கு மேலே பட்டால் அவருடைய எடையின் பெரும்பகுதி உங்களுக்குக் கீழேயே தங்கிவிடுகிறது. முழங்கால்கள் மடங்கி, உங்கள் இடுப்புப் பட்டி அவருடைய தொடையின் மேற்பகுதிக்கு நேராக வர வேண்டும். முதுகை வளைத்துத் தாழ்வது தாழ்வதாகாது. முழங்காலால் தாழ்ந்து, முதுகு நிமிர்ந்தே இருக்க வேண்டும். உங்களைவிட உயரம் குறைந்தவரிடம் இந்த வீச்சு வராமல் போவதற்குப் பெரும்பாலும் இதுவே காரணம். அவர் ஏற்கெனவே உங்களைவிடத் தாழ்ந்து நிற்கிறார். உங்களைவிட மிக உயரமானவரிடம் சிக்கல் வேறு வகையானது. அவருடைய கழுத்தை எட்டுவதற்காக நீங்கள் குதிகாலைத் தூக்குகிறீர்கள், அதனால் ஊன்றும் கால் இல்லாமல் போகிறது. அப்படிப்பட்டவரை முதலில் பிடரியில் கை போட்டுக் கீழே இழுத்து, அவர் நிமிர்ந்து எழ முயலும் வழியில் பிடியுங்கள். அல்லது கழுத்தை விட்டுவிட்டு, கையை அக்குளுக்குக் கீழே முதுகைச் சுற்றிக் கொடுத்து இடுப்பு வீச்சாக மாற்றிக்கொள்ளுங்கள்.

மூன்றாவது காரணம் பார்வை. தரையைப் பார்த்துக் குனிகிறவர் எதிராளியை முன்னே இழுக்கிறார். இடப்புறச் சுவரைப் பார்த்துத் திரும்புகிறவர் அவரைச் சுழற்றுகிறார். தலை திரும்பும் பக்கத்துக்கே தோளும் போகும். துணைவரை இடத்தோளுக்கு நேர் பின்னால் ஓர் இடத்தைக் காட்டச் சொல்லி, வீச்சு முடியும்வரை கண்ணை அங்கேயே வைத்துப் பழகினால் இந்தக் குறை விரைவில் நீங்கும்.

எதிராளி சுற்றிக்கொண்டு முன்பக்கம் வந்துவிடுகிறார்

நீங்கள் திரும்பும் திசையிலேயே அவரும் உங்கள் வலது இடுப்பைத் தாண்டிக் காலெடுத்து வைத்து முன்னால் வந்துவிடுகிறார் என்றால், உங்கள் இடுப்பு போதிய அளவு குறுக்கே போகவில்லை. வலது பாதத்தை அவருடைய இரண்டு பாதங்களுக்கும் நடுவே வைப்பதே இதற்கான பழக்கப் பிழை. அதை அவருடைய வலது பாதத்துக்கு நேர் முன்னால், விரல்கள் உள்நோக்கித் திரும்பியபடி வைத்தால் இடுப்பு தானாகவே வெளியே நீளும். ஃப்ரீஸ்டைலிலும் கலப்புத் தற்காப்புப் போட்டிகளிலும் (எம்எம்ஏ) வலக்காலை நீட்டி அவருடைய காலைத் தடுக்கலாம் அல்லது வாரிவிடலாம். கிரேக்கோ ரோமனில் காலைப் பயன்படுத்தித் தாக்குவதற்கு இடமில்லாததால் அங்கே எல்லாவற்றையும் இடுப்பின் ஆழம் மட்டுமே தீர்மானிக்கிறது. எந்த வகையில் போட்டியிடுவதாக இருந்தாலும் தொடக்கத்தில் காலைப் பயன்படுத்தாமல் கற்றுக்கொள்வதே நல்லது என்பது என் உறுதியான கருத்து. கால் உதவியோடு கற்றவர்கள் இடுப்பு ஆழமாகப் போகாததைக் காலால் ஈடுகட்டப் பழகிவிடுகிறார்கள். கனமான எதிராளி கிடைக்கும்போது அது கைகொடுப்பதில்லை.

எதிராளி இடுப்பைக் கட்டிப் பின்னால் தூக்கி எறிகிறார்

இது ஆபத்தான அறிகுறி. உங்கள் முதுகு அவருடைய மார்பில் இருக்கிறது, அவருடைய இடக்கை தடையில்லாமல் இருக்கிறது, அவர் இடுப்பைத் தாழ்த்தி உங்களைக் கட்டிக்கொண்டு பின்னோக்கி வளைகிறார். நீங்கள் அவருடைய தலையை விடாமல் பிடித்திருப்பதால் கையை ஊன்றவும் முடியாமல் கழுத்தும் தோளும் முதலில் தரையில் படும்.

இதற்குப் பொதுவாக ஒரே காரணம்தான்: பாதியில் நின்றது. திரும்பத் தொடங்கியதிலிருந்து அவருடைய கால் தரையை விட்டு எழும்வரை இடைநிறுத்தம் இருக்கக் கூடாது. நின்றுவிட்டால், அங்கிருந்து வலுவைக் கூட்டி இழுத்துப் பார்க்கும் ஆசையை விட வேண்டும். உடனே தலையை விடுங்கள். இடக்கைப் பிடியை மட்டும் வைத்துக்கொண்டு வலது பாதத்தைத் திரும்ப எடுத்து எதிராளியை நேராகப் பார்த்து நில்லுங்கள். தலையை விடுவது தோல்வி போலத் தோன்றும். ஆனால் அவருடைய கை இன்னும் உங்களிடம் இருக்கிறது, மறுபடி நுழையவும் முடியும். தலையைப் பிடித்துக்கொண்டு நிற்பவர் குறைந்தது 2 புள்ளிகளைக் கொடுத்துவிட்டு, கழுத்தையும் பணயம் வைக்கிறார்.

இந்த விடுவித்தலைத் தனிப் பயிற்சியாகவே செய்ய வேண்டும். துணைவர் சில நேரம் எதிர்ப்பின்றி ஏறட்டும், சில நேரம் திடீரென இடுப்பைத் தாழ்த்தி அமரட்டும். எது வரும் என்பது முன்னதாகத் தெரியாத நிலையில் நீங்கள் வீசவோ விடவோ வேண்டும். வீசுவதைப் பழகுகிற அளவுக்கு விடுவதை யாரும் பழகுவதில்லை. போட்டியில் வரும் பெரிய காயங்கள் அங்கேதான் நேர்கின்றன.

விழுகிறார், ஆனால் உருண்டு மேலே வந்துவிடுகிறார்

வீச்சு அழகாக வந்தது, எதிராளி முழுச் சுற்றுச் சுற்றி விழுந்தார், அடுத்த நொடியில் நீங்கள் கீழே கிடக்கிறீர்கள். வேகம் கூடுதலாக இருந்தது என்று இதை விளக்குவார்கள். வேகத்தில் தவறில்லை, அதை நிறுத்துவதற்கு உடல் விரிந்திருக்கவில்லை. கால்கள் சேர்ந்தபடியே விழுந்தால், உங்கள் உடல் அவருடைய உடலோடு சேர்ந்து ஒரே உருளையாகிவிடும், அது உருண்டுகொண்டேதான் போகும். எதிராளியின் முதுகு தரையைத் தொடும் நேரத்தில் உங்கள் வலக்கால் அவருடைய தலைப்பக்கமாக முன்னேயும், இடக்கால் பின்னேயும் பிரிந்திருக்க வேண்டும்; வலது இடுப்பு அவருடைய அக்குளுக்கு அருகில் தரையில் இறங்க வேண்டும். உங்கள் தலை முதலில் தரையை நோக்கிப் பாய்ந்தால் கால்கள் பிரிய நேரம் இருக்காது. எனவே மெதுவான பயிற்சியில் விழும் தருணத்தில் மட்டும் கவனம் வைத்து, துணைவரை இடுப்பிலிருந்து வழுக்கி இறக்கி, உங்கள் கால்கள் எப்போது பிரிகின்றன என்று பாருங்கள். இடக்கை இங்கேயும் வேலை செய்கிறது: விழும் கணத்தில் அவருடைய கையை மேல்நோக்கி, உங்கள் மார்பை நோக்கி இழுத்தால், அவருடைய வலது தோள் சற்று உயர்ந்து அவர் அந்தப் பக்கம் திரும்ப முடியாமல் போகிறது.

அடக்கிய பின் பிரிட்ஜ் போட்டுப் புரட்டிவிடுகிறார்

கீழே இருப்பவர் இரு கைகளாலும் உங்கள் இடுப்பைக் கட்டி, குதிகால்களை உள்ளே இழுத்து, இடுப்பை உயர்த்தி, உங்களைத் தன் உடலுக்கு மேலாக மறுபக்கம் புரட்டுகிறார். அது வெற்றி பெறுகிறது என்றால் உங்கள் எடை அவருடைய தலைமேலும் கழுத்தின்மேலும் சாய்ந்திருக்கிறது, விலாவின்மேல் இல்லை. கழுத்தை இறுக்கினால் அடங்குவார் என்ற எண்ணமே எடையை அங்கே கொண்டுபோகிறது. மூச்சை உள்ளே இழுக்கும்போது உயரும் விலாவின்மேல் உங்கள் வலது விலாவை வைத்து, அவர் மூச்சை வெளியே விடும்போதெல்லாம் இன்னும் சற்றுத் தாழ்ந்து அமருங்கள். அவர் பிரிட்ஜ் போடத் தொடங்கினால் கால்களைச் சிறு அடிகளாக எடுத்து வைத்து அவருடைய தலைப்பக்கம் நகருங்கள், அப்போது அவர் தள்ளும் கோணம் மாறிவிடும். அதுவும் போதாதபோது வலக்கையைக் கழுத்திலிருந்து எடுத்து மறுபக்கத் தரையில் ஊன்றலாம்; இடக்கையை மட்டும் எக்காரணம் கொண்டும் விடக் கூடாது.

இந்த நிலையில் மார்பின் பாரம் எவ்வளவு வேலை செய்யும் என்பதற்கு 2014இல் மெட்டாமோரிஸ் 4 என்ற பிடிச்சண்டைப் போட்டியில் ஜாஷ் பார்னெட் டீன் லிஸ்டரை வென்றதைச் சொல்லலாம். நல்ல பிடிவல்லுநரான லிஸ்டர் அந்த 20 நிமிட ஆட்டத்தின் கடைசி நிமிடத்தில் இதே அடக்குநிலையில் கையால் தட்டித் தோல்வியை ஒப்புக்கொண்டார். அதற்கும் முன்னால், 1997 பிப்ரவரி 7 அன்று, கலப்புத் தற்காப்புப் போட்டிகளை நடத்தும் யூஎஃப்சி அமைப்பின் யூஎஃப்சி 12 நிகழ்வில் மார்க் கோல்மன் டான் செவர்னை இதே நிலையிலிருந்து கழுத்தை அழுத்தித் தோற்கடித்து யூஎஃப்சியின் முதல் ஹெவிவெயிட் சாம்பியன் ஆனார். வென்ற இருவருமே மல்யுத்தத் திறனுக்குப் பெயர்பெற்ற பெரிய உடலினர். எடை குறைந்தவர்கள் இந்த நிலையில் ஆட்டத்தை முடித்துவிட எதிர்பார்ப்பதைவிட, இங்கிருந்து கைப்பூட்டுக்கு மாறுவது நடைமுறைக்கு உகந்தது.

கலப்புத் தற்காப்புப் போட்டியில் எதிராளி முதுகைப் பிடித்துவிடுகிறார்

மல்யுத்தத்தில் 2 புள்ளியோடு முடிகிற பிழை இங்கே ஆட்டத்தையே முடித்துவிடும். எதிராளி தன் வலது முழங்கையை உங்கள் அக்குளிலிருந்து தரைப்பக்கமாக உருவுகிறார், உடலை உங்கள் பக்கம் திருப்பி முழங்காலிடுகிறார், நீங்கள் இன்னும் அவருடைய தலையைக் கட்டிக்கொண்டிருக்கும்போதே உங்கள் முதுகுக்குப் பின்னால் வந்து கால்களைக் கொக்கியிடுகிறார். பின்னாலிருந்து கழுத்து நெரிப்புக்கு இதைவிட வசதியான நிலை அவருக்கு வேறில்லை.

முழங்கை உருவப்படுவதற்கு முன் ஓர் எச்சரிக்கை இருக்கும்: அவருடைய தோள் உங்கள் விலாவைவிட்டு விலகி, அக்குளில் காற்றுப் படும். அதை உணர்ந்த உடனே இடக்கையால் முழங்கையை மேலே தூக்கி, வலது முழங்காலை அவருடைய தோளுக்கு அடியில் இன்னும் உள்ளே செலுத்துங்கள். முழங்கை ஏற்கெனவே தரையைத் தொட்டுவிட்டது என்றால் அந்தக் கை போய்விட்டது என்று கொள்ளுங்கள். அதன்பின் தலையைப் பிடித்துக்கொண்டிருக்கும் ஒவ்வொரு நொடியும் அவருக்குத்தான் பயன்படுகிறது. தலையை விட்டு, இடுப்பை மறுபக்கம் திருப்பி வயிறு அவரை நோக்கும்படி புரண்டு, மேலிருந்து அழுத்துங்கள். அதற்கும் இடமில்லை என்றால் எழுந்துவிடுங்கள். முதுகு பிடிபட்டால் நிலைமை எப்படி மாறும் என்பதை 2013 பிப்ரவரி 23 அன்று நடந்த யூஎஃப்சி 157 காட்டுகிறது. ஒலிம்பிக் ஜூடோ வெண்கலப் பதக்கம் வென்ற ரோண்டா ரௌஸியின் முதுகில் லிஸ் கார்மூஷ் நின்ற நிலையிலேயே ஏறிக் கழுத்தைப் பூட்டினார். ரௌஸி அவரை உதறிவிட்டு முதல் சுற்றிலேயே கைப்பூட்டால் வென்றார், ஆனால் அத்தகைய உதறல் எல்லோருக்கும் கைகூடாது.

அதே ரௌஸி 2014 ஜூலை 5 அன்று யூஎஃப்சி 175இல் அலெக்சிஸ் டேவிஸை 16 நொடிகளில் வென்றதையும் பார்க்க வேண்டும். குத்துகளோடு நெருங்கி, முழங்காலால் இடித்து, தலையையும் கையையும் சேர்த்துப் பிடித்து வீசி, விழுந்த நிலையிலேயே தொடர்ந்து குத்தினார். அந்த ஒளிப்பதிவை மெதுவாக ஓட்டிப் பார்க்கிறவர்கள் குத்துகளைப் பார்க்காமல், வீச்சிலிருந்து குத்துவரை டேவிஸின் பிடிபட்ட கை எங்கே இருக்கிறது என்பதை மட்டும் பின்தொடர்ந்தால் அதிகம் கற்பார்கள்.

கையுறை அணியும்போது உள்ளங்கைப் பிடி சற்றுக் குறுகிவிடுவதால், இங்கே மேற்கையைப் பற்றுவதைவிட ஓவர்ஹூக் நம்பகமானது. கூண்டுச் சுவரில் உங்கள் முதுகு சாய்ந்திருக்கும்போது இந்த வீச்சை முயலாதீர்கள். இடது பாதம் பின்னால் வட்டமிட இடம் இருக்காது.

நடுவர் ஆட்டத்தை நிறுத்துகிறார்

மல்யுத்தத்தில் எதிராளியின் கையைச் சேர்க்காமல் தலையை மட்டும் இரு கைகளாலும் பூட்டுவது விதிமீறல். பலர் தொடக்கத்தில் கையைச் சேர்த்தே பிடித்திருப்பார்கள். விழுந்தபின் கை நழுவிப் போயிருப்பதைக் கவனிக்காமல் தலையைப் பூட்டிக்கொண்டிருப்பார்கள். மூச்சுத் திணறும்படி தொண்டையை அழுத்துவதும் அனுமதிக்கப்படுவதில்லை. உங்கள் மணிக்கட்டு எலும்பு தொண்டைக்கு நேராக வராமல், உள்ளங்கை அவருடைய தோள்பட்டையை நோக்கியிருந்தால் இரண்டு சிக்கலும் எழாது.

பயிற்சியில் வருகிறது, போட்டியில் வருவதில்லை

இந்த அறிகுறிக்கு உடலில் காரணம் தேட வேண்டாம். துணைவருக்கு அடுத்து என்ன வரும் என்று தெரியும். அவர் தன்னை அறியாமலேயே எடையை முன்னங்காலுக்கு மாற்றி உதவுகிறார். போட்டியில் எதிராளி இடுப்பைப் பின்னால் வைத்துக் குனிந்து நிற்கிறார், அந்த நிலையில் இருப்பவரை ஹெட்லாக்கால் வீச முடியாது, வீச முயலவும் கூடாது. அவரை நிமிர்த்தும் வேலை ஒன்று அதற்கு முன்னால் இருக்கிறது. பிடரியைப் பிடித்துக் கீழே அழுத்துங்கள். அவர் எதிர்த்து எழுவார். காலுக்குப் பாய்வதுபோல் காட்டுங்கள். கைகளைத் தாழ்த்தித் தடுத்துவிட்டு நிமிர்வார். முன்னே தள்ளுங்கள்; திருப்பித் தள்ளுவார். அவருடைய எதிர்வினையே உங்களுக்கு மார்பைக் கொண்டுவந்து தர வேண்டும். அதனால் பயிற்சியிலும் தனி வீச்சாகச் செய்வதைக் குறைத்து, காலுக்குப் பாய்தலும் ஹெட்லாக்கும் மாறி மாறி வருமாறு, துணைவர் உண்மையாகத் தடுக்கும் சுற்றுகளைக் கூட்டிக்கொள்ளுங்கள்.

புதிதாகச் சேர்ந்தவர்களுக்குச் சில பயிற்சியாளர்கள் இந்த வீச்சைத் தடை செய்வதுண்டு. எடையும் வலுவும் மிகுந்த இளைஞர்கள் கழுத்தைக் கட்டி இழுத்தே வென்று பழகிவிட்டு, பின்னர் காலுக்குப் பாய்வதையே கற்காமல் போகிறார்கள் என்பதால் அந்தத் தடையில் எனக்கு உடன்பாடு உண்டு. இடக்கைப் பிடியால் துணைவரை நடத்தத் தெரிந்த பிறகு தடையை நீக்கிவிடலாம்.

துணைவருக்குக் கழுத்து வலிக்கிறது, அல்லது உங்களுக்கு முழங்கால் வலிக்கிறது

உங்கள் முழங்கால் உட்பக்கம் வலித்தால், பாதம் மேட்டில் ஒட்டியபடி இருக்க உடல் மட்டும் திரும்புகிறது. எடையைப் பாதத்தின் முன்பகுதியில் வைத்து, குதிகால் சுழலும்படி திரும்புங்கள்.

துணைவரின் கழுத்து வலி அதைவிட முக்கியமானது. அவருடைய உடல் ஏறாதபோதும் நீங்கள் தலையை முறுக்கியிருக்கிறீர்கள் என்பதே அதன் பொருள். இடுப்பு செய்ய வேண்டிய வேலையைக் கழுத்து செய்திருக்கிறது. அன்றைய பயிற்சியில் வீச்சை நிறுத்தி, நுழைந்து திரும்பி அவருடைய பாதங்கள் லேசாகும் வரை மட்டும் சென்று திரும்பிவிடுங்கள். விழும்போது கையை நீட்டி ஊன்றக் கூடாது என்பதைத் துணைவருக்கு முன்பே சொல்லுங்கள், ஏனென்றால் இருவர் எடையும் சேர்ந்து அந்த முழங்கையில் இறங்கும். தாடையை மார்போடு சேர்த்து, தடையில்லாத இடக்கையால் மேட்டைத் தட்டி விழ அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். அது தெரியாதவர்மீது இந்த வீச்சைப் பழகாதீர்கள். கழுத்து வலியோடு கையில் மரத்துப்போதலோ விரல்களில் கூச்சமோ இருந்தால், அல்லது தலையைத் திருப்ப முடியவில்லை என்றால், கழுத்தைப் பிடித்துவிடவோ சொடுக்கெடுக்கவோ யாரையும் அனுமதிக்காமல், அசைவைக் குறைத்து மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.